திடுக்கிட்டுக்கொண்டே இருக்க முடியாது

"பயந்துகொண்டே இருந்தேன்" என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "திடுக்கிட்டுக்கொண்டே இருந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் சிரித்துவிடுவார். இலக்கணப் பிழை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் வாக்கியம் நிற்கவில்லை. தூக்கத்தில் அடிக்கடி உதறிக்கொள்ளும் கைக்குழந்தையைப் பற்றி "திடுக்கிட்டுக்கிட்டே இருக்கு" என்பார்கள். அங்கேகூட ஒரு திடுக்கிடல் நீண்டுகொண்டு போவதில்லை. தனித்தனியாகப் பலமுறை வந்து போகிறது.

இன்னும் இரண்டு சோதனை. "பயப்படாதே" என்று தைரியம் சொல்லலாம், "பதறாதே" என்று அமைதிப்படுத்தலாம். "திடுக்கிடாதே" என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொல்லி முடிப்பதற்குள் அது நடந்து முடிந்திருக்கும். அதேபோல "நாய்க்குப் பயப்படுவேன்" என்பது ஒருவருடைய சுபாவம். "நாய்க்குத் திடுக்கிடுவேன்" என்று ஒரு சுபாவம் கிடையாது. பயத்துக்கு ஒரு பொருள் இருந்தால் போதும். திடுக்கிட ஒரு நிகழ்ச்சி வேண்டும்: சத்தம் கேட்டு, நிழலைக் கண்டு, தோளில் கை பட்டு. தேர்வை நினைத்து ஒரு மாதம் பயப்படலாம். தேர்வு நாளைக்கே என்பது நினைவுக்கு வரும் அந்த நொடியில்தான் திடுக்கிட முடியும்.

அகராதியைப் புரட்டினால் திடுக்கிடுதலுக்குத் திடீரென்று அஞ்சுதல் என்ற பொருள்தான் கிடைக்கும். பாதி சரி. "திடீரென்று" சரி, "அஞ்சுதல்" என்பதில்தான் எனக்குச் சந்தேகம். எதைக் கண்டு அஞ்சுவது என்று தெரிவதற்கு முன்பே திடுக்கிட்டு முடித்துவிடுகிறோம். கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது, உடம்பு துள்ளுகிறது, பிறகுதான் "காற்று" என்று புரிகிறது. துள்ளிய நேரத்தில் அச்சத்துக்குரிய பொருள் எதுவும் நம் மனத்தில் இல்லை. திடுக்கிடல் என்பது அச்சம் உள்ளே வரலாமா என்று கதவைத் தட்டும் ஓசை. அச்சம் வரலாம், வராமலும் போகலாம்.

இந்த அனுபவத்தைத் தமிழ் சொல்லும் விதத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. "நெஞ்சு திக்கென்றது." இந்த வாக்கியத்தில் எழுவாய் நான் இல்லை, நெஞ்சு. அது செய்த வினை, "என்றது", அதாவது சொன்னது. என் நெஞ்சு "திக்" என்று ஒரு வார்த்தை சொன்னது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சில் "திக்குன்னுச்சு", "பக்குன்னு இருந்துச்சு", "பகீர்னு ஆயிடுச்சு" என்று எப்படி உருமாறினாலும் உள்ளே அந்த "என்" ஒளிந்திருக்கிறது. ஆள் வந்தாலும் "எனக்கு" என்று ஓரமாகத்தான் வந்து நிற்கிறார். "நான் பக்கென்றேன்" என்று சொல்ல முடியாது.

ஒலியைக் காட்டவும், ஒலியே இல்லாத மனக்குறிப்பைக் காட்டவும் "என" என்ற ஒரே சொல் வரும் என்பதைத் தொல்காப்பியம் இடையியலிலேயே பதிவு செய்திருக்கிறது. மணி கணீரென்று ஒலிப்பது காதுக்குக் கேட்கும். நெஞ்சு திக்கென்பது யார் காதுக்கும் கேட்காது. இரண்டையும் ஒரே அச்சில் வார்ப்பது மிகப் பழைய வழக்கம். பகைவர் தீங்கு செய்த உடனே அறிவுடையவர் வெளியே சினத்தைக் காட்டிவிட மாட்டார் என்று சொல்லவந்த குறள் (487) "பொள்ளென" என்று தொடங்குகிறது. அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான், அங்கே சினத்துக்கு வந்திருக்கிறது. பழைய செய்யுள்களில் திடீர் அச்சத்துக்குத் "துண்ணென" என்று வரும். அதன் உறவுக்காரரான "துணுக்கு" இன்றும் "துணுக்குற்றான்" என்று எழுத்துநடையில் உயிரோடு இருக்கிறது, பேச்சில் இல்லை.

நெஞ்சு மட்டும் பேசுவதில்லை. வயிறு கலங்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, குலை நடுங்குகிறது, கை கால் வெலவெலத்துப் போகிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, சப்தநாடியும் ஒடுங்குகிறது. இவை எல்லாமே மிகைப்பேச்சு இல்லை. அபாயம் என்று தோன்றிய உடனே அட்ரினலின் சுரந்து, இதயம் விரைந்து, இரத்தம் குடலையும் இரைப்பையையும் விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது, உமிழ்நீர் வற்றுகிறது. வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1915-ல் வெளியிட்ட ஆய்வுகளில் இதை விரிவாக விளக்கினார். வயிறு கலங்குவதும் நாக்கு ஒட்டிக்கொள்வதும் அந்த மாற்றங்களை உள்ளிருந்து பார்த்துச் சொன்ன குறிப்புகள்தாம். இவற்றில் பல, திடுக்கிடலுக்குச் சற்றுப் பிந்தி வருபவை என்பதையும் கவனிக்க வேண்டும். வயிறு கலங்கச் சில நொடிகளாவது ஆகும். திடுக்கிடலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இங்கேதான் ஒரே கூடையில் போடப்படும் சொற்கள் பிரிகின்றன. நள்ளிரவில் தொலைபேசி அலறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணி ஒலித்த கணத்தில் திடுக்கிட்டு எழுகிறோம். திரையில் மருத்துவமனையில் இருக்கும் உறவினரின் பெயரைப் பார்த்ததும் பகீர் என்கிறது. எடுத்தால் எதிர்முனையில் பேச்சில்லை. திக் திக் என்று அடித்துக்கொள்கிறது. பிறகு விடியும் வரை கிலி. ஒரே சம்பவம், நான்கு சொல். இடம் மாற்றிப் போட்டால் ஒன்றும் பொருந்தாது. பலூன் வெடித்தால் திடுக்கிடலாம், பகீர் என்னாது. பணப்பை இருந்த இடத்தில் கையை விட்டு அது இல்லை என்று தெரிந்தால் பகீர் என்னும். அங்கே சத்தமோ தொடுகையோ எதுவுமில்லை, ஒரு செய்திதான் இருக்கிறது. பகீர் அறிந்தபின் வருவது, திடுக் அறியுமுன் வருவது. நான் பார்த்தவரை பேச்சுவழக்கு இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. எழுத்தில்தான் குழப்பம்.

"திக்" என்பதில் இன்னொரு நுட்பம். ஒருமுறை சொன்னால் கணம்; இருமுறை சொன்னால் காத்திருப்பு. "திக்கென்றது" வேறு, "திக் திக்கென்று இருந்தது" வேறு. நொடியை நீட்டிக்க வேண்டுமென்றால் அதை இன்னொரு நொடியின் பக்கத்தில் வைப்பதைத் தவிரத் தமிழுக்கு வேறு வழி தெரியவில்லை போலும். இதை இரட்டைக்கிளவி என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்பது தொல்காப்பிய விதி. வெடவெட, வெலவெல, படபட போன்றவை அப்படிப்பட்டவை. "உடம்பு வெட என்றது" என்று யாரும் சொல்வதில்லை. நீடிக்கிற நடுக்கத்துக்குப் பிரிக்க முடியாத சொல்லும், கணத்துக்குத் தனித்து நிற்கும் சொல்லும் அமைந்திருப்பது தற்செயலா என்று தெரியாது. பொருத்தமாக மட்டும் இருக்கிறது.

ஒலியையும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம். வெடுக், நறுக், சடக், சுருக், லபக், திடுக்: எல்லாம் வல்லின மெய்யில் முட்டி நிற்கின்றன. நாக்கின் அடி மேலே முட்டுகிறது, காற்று தடைபடுகிறது, சொல் முடிகிறது. பளீர், சுளீர், சுரீர், குபீர், பகீர் எல்லாம் நெடிலில் நீண்டு ரகரத்தில் பரவுகின்றன. பளீரென்று வெளிச்சம் பரவுவதுபோல, சுரீரென்று எரிச்சல் ஏறுவதுபோல, பகீர் என்பது உள்ளே பரவுவது. திடுக் பரவுவதில்லை, வெட்டுகிறது. திடீர், திடும், திடுதிப், திடுக் ஆகியவற்றில் "திடு" பொதுவாக நின்று எதிர்பாராமையைத் தருகிறது. கடைசியில் வரும் "க்" அதைச் சட்டென்று துண்டிக்கிறது. "திடீர் விருந்தாளி" என்றால் வரவேற்பு உண்டு. "திடுக் விருந்தாளி" என்று ஒருவர் இருந்தால் அவர் இருட்டில் சொல்லாமல் பின்னால் வந்து நிற்பவராகத்தான் இருக்க வேண்டும்.

அறியுமுன் வருவது என்றேன். இதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி, சார்லஸ் டார்வின். இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் நச்சு விரியன் வகைப் பாம்பு ஒன்று இருந்த கூண்டின் தடித்த கண்ணாடிமேல் முகத்தை வைத்துக்கொண்டு, அது சீறிப் பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதியோடு நின்றார். பாம்பு கண்ணாடியில் மோதியது. அடுத்த கணம் அவர் ஓரிரு கெஜம் பின்னால் துள்ளியிருந்தார். உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி 1872-ல் வெளியான தம் நூலில் இதை அவரே எழுதுகிறார்: அதுவரை அனுபவித்தே இராத ஓர் ஆபத்தின் கற்பனைக்கு முன்னால் தம் மன உறுதியும் பகுத்தறிவும் பலிக்கவில்லை என்று. கண்ணாடி காப்பாற்றும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தவர் டார்வின், துள்ளியது உடம்பு. நம் வாக்கியத்தில் எழுவாய் ஏன் நெஞ்சாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

1939-ல் லேண்டிஸ், ஹன்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் எதிர்பாராத துப்பாக்கி ஓசைக்கு மனிதர்கள் எப்படி அசைகிறார்கள் என்பதை அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்து வெளியிட்டார்கள். முதலில் இமை மூடுகிறது. தலை முன்னே குனிகிறது, தோள் ஏறுகிறது, முழங்கை மடங்குகிறது, விரல்கள் சுருள்கின்றன, முழங்கால் தளர்கிறது. ஆளுக்கு ஆள் அளவு மாறினாலும் வரிசை மாறுவதில்லை. இமை மூடுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. காதிலிருந்து மூளைத்தண்டு வரை போய், அங்கிருந்தே தசைகளுக்குத் திரும்பும் குறுக்குவழி அது. சிந்திக்கும் பகுதிக்குத் தகவல் போய்ச்சேர்வதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு செய்தி, பின்னால் தேவைப்படும். ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் திடுக்கிடல் மழுங்கிவிடும். நாலாவது ஐந்தாவது தடவைக்குத் தோள்கூட ஏறாது. இமை மட்டும் எளிதில் விட்டுக்கொடுக்காது. மாறாக, கொடுமையான அனுபவத்துக்கு ஆளானவர்களுக்கு இந்த மழுங்கல் நிகழாமல், சின்ன ஓசைக்கும் உடம்பு துள்ளிக்கொண்டே இருக்கலாம். அமெரிக்க உளநோய் மருத்துவக் கையேடு 1980-ல் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயை முதன்முதலாகத் தனி நோயாகச் சேர்த்தபோது, இப்படி அளவுமீறித் திடுக்கிடுவதையும் அறிகுறிகளில் ஒன்றாகக் குறித்தது. முதல் பத்தியில் நான் சிரித்துத் தள்ளிய "திடுக்கிட்டுக்கொண்டே இருக்கிறேன்" என்ற வாக்கியத்தை உண்மையாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

பழைய இலக்கியத்தில் இந்தக் கணத்தை மிக அழகாகப் பிடித்த இடம் என்றால் கலித்தொகையின் 51-ஆம் பாட்டைச் சொல்வேன். தண்ணீர் கேட்டு வந்தவனுக்குப் பொற்கலத்தில் நீர் கொண்டுபோகிறாள் பெண். அவன் வளையணிந்த முன்கையைப் பற்றிக்கொள்கிறான். "தெருமந்திட்டு, அன்னாய் இவனொருவன் செய்ததுகாண்" என்று கத்திவிடுகிறாள். தாய் அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். அதற்குள் இவளுக்குத் தெளிந்துவிடுகிறது. உண்ணும்போது நீர் விக்கிக்கொண்டான் என்று பொய் சொல்கிறாள். கத்தியது உடம்பு, பொய் சொன்னது மனம். இரண்டுக்கும் நடுவில் அன்னை ஓடிவரும் தூரம்தான் இடைவெளி. "தெருமருதல்" என்ற சொல் இன்று நம்மிடம் இல்லை, இன்று எழுதினால் அந்த இடத்தில் "திடுக்கிட்டு" என்றுதான் போடுவோம்.

இலக்கண நூலார் இதைக் கவனிக்காமல் விடவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்றாக அச்சம் வருகிறது. அது பிறக்கும் நிலைக்களம் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. நான்குமே இன்னது என்று தெரிந்த பொருள்கள். படாரென்று சாத்தும் கதவுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆனால் அதே இயலில் வரும் இன்னொரு நீண்ட பட்டியலில் "வெரூஉதல்" என்று ஒன்று தனியாக இருக்கிறது. அச்சம் ஏற்கெனவே வந்துவிட்டதே, இது எதற்கு? பழைய உரையின் விளக்கத்தைச் சுருக்கிச் சொன்னால், அச்சம்போல் நீடித்து நிற்காமல் சட்டென்று தோன்றி மறைவது வெரூஉதல். அதைத் துணுக்கு என்றும் சொல்வார்கள். "திடுக்கிட்டுக்கொண்டே இருக்க முடியாது" என்று நாம் பேச்சை வைத்துக் கண்டுபிடித்ததை அவர்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள்.

அந்த வெருவுதல் பிறகு வேறு பக்கம் போய்விட்டது. திருக்குறளில் "வெருவந்த செய்யாமை" என்ற அதிகாரம் குடிகளை நடுங்கவைக்கும் ஆட்சியைப் பற்றியது. அங்கே அது கணநேர உணர்வு இல்லை. ஈழத்தமிழில் "வெருட்டாதே" என்றால் மிரட்டாதே. வயலில் நிற்கும் பொம்மைக்கு வெருளி என்று பெயர். இன்று கலைச்சொல் ஆக்குவோர் நீடித்த, காரணமற்ற அச்சநோய்க்கும் வெருளி என்று எழுதுகிறார்கள். நீடித்து நில்லாதது என்று பெயரெடுத்த சொல் நீடித்த நோய்க்குப் பெயராகிவிட்டது! மருட்கையும் அப்படித்தான். தொல்காப்பியருக்கு அது வியப்பு, நமக்கு மருட்சி என்றால் மிரட்சி. புதியதைக் கண்டு விழி விரிவது வியப்பாலா அச்சத்தாலா என்பதை அந்த முதல் கணத்தில் விழியே அறியாது என்பதால், இந்த மாற்றத்தில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இன்னும் பழைய சில சொற்கள் அடையாளம் தெரியாமல் நம்மிடையே உலவுகின்றன. பே, நாம், உரும் மூன்றும் அச்சப் பொருளன என்பது தொல்காப்பிய உரியியல் சூத்திரம். சிலப்பதிகாரத் தொடக்கத்தில் வரும் "நாமநீர்", அச்சந்தரும் கடல். "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்" என்பது இன்னொரு சூத்திரம். அதிர்விலிருந்து அதிர்ச்சி வந்து நாளிதழ்களை ஆள்கிறது, "விதிர்விதிர்த்துப் போனான்" என்பது கதைகளில் எஞ்சியிருக்கிறது.

வடமொழியிலிருந்து பயமும் பீதியும் வந்தன. இரண்டுக்கும் வேர் ஒன்று. வந்த இடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. தமிழ்தான் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. பயம் ஒருவருக்கு வரும், பிறகு தெளியும். பீதி பரவும், அதைக் கிளப்புவார்கள். "எனக்குப் பீதியாக இருக்கிறது" என்று சொல்லலாம்தான், ஆனால் அதில் கொஞ்சம் நாடகம் ஒட்டிக்கொள்கிறது. பீதிக்குக் கூட்டம் வேண்டும். கிலி பிடிக்கும், பேய்போல. திகிலை இப்போது விரும்பித் தேடிப் போகிறோம்: திகில் கதை, திகில் படம். காசு கொடுத்துத் திகிலை வாங்கலாம். கிலியைக் காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். பதறுவது உடனே வந்தாலும் கொஞ்ச நேரம் இருக்கும், கையும் காலும் ஏதாவது செய்யத் துடிக்கும். (பதறு என்பதிலிருந்து வருவதால் பதற்றம்தான் சரி; பதட்டம் என்று எழுதுவது பேச்சின் பழக்கம். திருத்தித் திருத்திச் சலித்துவிட்டது.)

இனி செய்தித் தலைப்புகளுக்கு வருவோம். "திடுக்கிடும் தகவல்", "பகீர் வாக்குமூலம்", "திக் திக் நிமிடங்கள்". முதலாவது இலக்கணப்படி தவறு, தகவலா திடுக்கிடுகிறது, "திடுக்கிட வைக்கும் தகவல்" என்றல்லவா இருக்க வேண்டும் என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். நான் தலைப்பு எழுதுபவர்கள் பக்கம். தமிழ்ப் பெயரெச்சம் கருவியையும் காரணத்தையும்கூடத் தாங்கும். "நோய் தீரும் மருந்து" என்பதில் தீர்வது மருந்தா? இலக்கணம் அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. சிக்கல் வேறு. திடுக்கிடல் அறியுமுன் வருவது என்றால், "இதோ திடுக்கிடப் போகிறீர்கள்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தரப்படும் எதுவும் யாரையும் திடுக்கிட வைக்க முடியாது. பகீராவது பரவாயில்லை, தகவலோடு வருவது அதன் இயல்பு. "பகீர் தகவல்" என்றால் பொருத்தமாவது இருக்கும். ஒருநாளைக்குப் பத்துத் தலைப்பில் வந்தால் அதுவும் ஐந்தாவது துப்பாக்கி ஓசைதான், தோள் ஏறுவதில்லை. வாசகர் இப்போது "திடுக்கிடும்" என்பதைச் "சற்றே புதிய" என்று தமக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு படிக்கிறார்.

பேச்சு சும்மா இருக்கவில்லை. உண்மையாகவே துள்ளியதைச் சொல்லவேண்டி வரும்போது மக்கள் "திடுக்கிட்டேன்" என்பதைவிட "தூக்கிவாரிப் போட்டுச்சு" என்பதையே எடுக்கிறார்கள். "எனக்குத் தூக்கிவாரிப் போட்டது." யார் தூக்கினார், எதை வாரினார், எங்கே போட்டார், ஒன்றுக்கும் விடை கிடையாது. எழுவாயே இல்லாத வாக்கியம், நெஞ்சுகூட இல்லை. உறக்கம் கண்ணைக் கவ்வும் நேரத்தில் படியிலிருந்து கால் நழுவியதுபோல உடம்பு ஒருமுறை உதறுமே, அதற்கும் இதே சொல்தான். அதை இன்னும் எந்தத் தலைப்பும் பிடித்துக்கொள்ளவில்லை. "தூக்கிவாரிப்போடும் தகவல்" என்று அச்சில் நான் பார்த்ததில்லை.